சித்தேரிக் கோடு பச்சையாக இருந்த மாதங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டது மாதேஷ்தான். உங்களுக்கு அவர் மாதேஷ் சார். எனக்கு மாதேஷ். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் 'சார்' போட இன்னும் என் கை வரவில்லை. போன மாதம் அதியமான்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் உங்களில் இரண்டு பேர் என் பந்தியில் உட்கார்ந்தீர்கள். சாம்பாரில் ஆரம்பித்துப் பாயசம் வரைக்கும் மாதேஷ் சார் அப்படி, மாதேஷ் சார் இப்படி. எனக்குப் பாயசம் இறங்கவே இல்லை. நன்றாக இருந்ததாகப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

ஆகவே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. வேலையில் நான் கற்ற நல்ல விஷயங்களை எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள், ரவுட்டரில் என்ன கட்டளை போடுவது என்று கையேட்டில் இருக்கிறது. என் பொறாமையால் மலை மேல் ஒரு நர்ஸின் வேலை போக இருந்ததை நான் மட்டும்தான் சொல்ல முடியும். அதைச் சொல்கிறேன்.

மாதேஷ் வருவதற்கு முன்னால் தர்மபுரி மாவட்டத்தில் நம் நிறுவனம் இணைய இணைப்பு கொடுத்திருந்த இடங்களுக்கெல்லாம் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், ஆஸ்பத்திரி, எங்கே லைன் இழுத்தாலும் என் மேஜை போன்தான் அடிக்கும். "மேடம், ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க" என்று அந்தப் பக்கம் ஆரம்பிக்கும்போதே, குரல் எந்த ஊர், பழுது எந்த டவரில் இருக்கும் என்று பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவேன். சரியாக வராததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

மாதேஷ் பாலக்கோடு பக்கம். வீட்டில் கன்னடம், ஆபீஸில் தமிழ், இரண்டிலும் அதிகம் பேசாத ஆள். சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மேஜைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அவங்க போன் பண்ணலைன்னா லைன் நல்லாருக்குதுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

"கெட்டுப்போனா கத்துவாங்க. கத்தலைன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

அவன் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். ஒரு மாதத்தில் ஒவ்வொரு ரவுட்டரிலும் சோதனை ஓட விட்டான். உங்களுக்கு இன்று இது பாலபாடம். தர்மபுரியில் இருக்கும் ரவுட்டர் நிமிடத்துக்கு ஒரு தடவை எதிர்முனை ரவுட்டருக்குச் சின்னச் சின்ன சோதனைப் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, அனுப்பும். எதிர்முனை அவற்றைத் திருப்பி அனுப்பும். போய்வர எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை வழியில் தொலைந்தன, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சீராக இருந்ததா என்று குறித்துக்கொள்ளும். யாரும் போன் பண்ண வேண்டாம், யாரும் கத்த வேண்டாம். ஒருநாள் பென்னாகரத்தில் ஒரு சங்கத்துக்கு அவனே போன் போட்டு, "உங்க லைன் இழுக்குதுங்களே, பாத்துட்டு இருக்கறேனுங்க" என்று சொல்லியிருக்கிறான். அந்தச் செயலாளர் அசந்துபோய் நம் மேலாளருக்குப் போன் பண்ணிப் பாராட்டினார். மேலாளர் அதை அந்த வாரம் மூன்று கூட்டங்களில் சொன்னார். மூன்றிலும் நான் இருந்தேன்.

வயிறு எரிந்தது. வேறு நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை. இத்தனை வருடம் போன் குரலைக் கேட்டே பழுதைக் கண்டுபிடித்தவள் என்ற பெயரை ஒரு மாதத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதுவும் என்னிடமிருந்து எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுத்துக்கொண்டான். எங்கள் வீடு மொரப்பூரில். சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போனால் என் பேச்சு முழுக்க மாதேஷ்தான். "அவன் பேர எடுக்காம உனக்குச் சோறு எறங்காதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

பிறகு மேலாளர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் அவனுக்கு. அரூர், மொரப்பூர், சித்தேரி மலை எனக்கு. அவர் அறை வாசலில் பெரிய திரை ஒன்று மாட்டினார். அந்தச் சோதனை காட்டுவதை வைத்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு. நன்றாக ஓடினால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. உள்ளே வருகிற ஆள், பால்காரர் உட்பட, முதலில் பார்ப்பது அதைத்தான்.

அவன் பக்கம் பச்சை. என் பக்கத்திலும் ஏறக்குறைய பச்சைதான், சித்தேரி ஒன்றைத் தவிர. மலைக்கு மேலே போவது ஒரே ஒரு ரேடியோ இணைப்பு. அதையே பள்ளிக்கூடமும் இன்னும் இரண்டு ஆபீஸும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. தினமும் காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், என் கோடு சிவக்கும். பன்னிரண்டுக்கு மேல் தெளியும். மேலாளர் திரைக்கு முன்னால் நின்று, "மேடம், மாதேஷ் பக்கம் பாருங்க, நடவு முடிஞ்ச வயலாட்டம் இருக்குது" என்பார். இரண்டு தடவை மலை இணைப்பைப் பெரிதாக்கக் கேட்டு எழுதினேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அப்போதுதான் கையேட்டில் அந்த வரியைப் பார்த்தேன். சோதனைப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுக்க ஓர் எண் போடலாம். குரல் அழைப்புக்குக் கொடுக்கிற அதே எண்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் மைல் கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி விடுவார்கள். ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தொப்பூரில் நெரிசலே இல்லை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான். சோதனைப் பாக்கெட்டுக்கு ஆம்புலன்ஸ் எண் போட்டேன். மலை மேல் இருக்கிற சாதாரண ஆட்களின் பாக்கெட்டுகள் வரிசையில் நின்று நசுங்க, என் பாக்கெட் மட்டும் ஜம்மென்று போய்வந்தது.

அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இப்படி ஒன்று சொல்லிக்கொள்வீர்கள். சித்தேரியில் ஒரு மருத்துவ மையம் இருக்கிறது, அங்கே வீடியோவில் டாக்டர் பார்க்கிறார், வீடியோ என்றால் குரலும் இருக்கிறது, ஆகவே சோதனையும் குரல் வகையில்தானே இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த மையத்தின் வீடியோவுக்கு அந்த எண்ணை யாராவது போட்டிருக்கிறார்களா என்று மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் இல்லை என்று தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சித்தேரி பச்சை. மேலாளர் திரைக்கு முன்னால் நின்று, "அட, மேடம்!" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. மாதேஷின் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒரு சின்னக் கோணலாவது தெரியாதா என்று தேடினேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் கழித்து மேஜைக்கு வந்தான். "அக்கா, உங்க சித்தேரிக் கோடு காத்தால பத்து மணிக்கும் விடியக்காலம் நாலு மணிக்கும் ஒண்ணாவே நிக்குதுங்களே. ஆடவே மாட்டேங்குது. நான் வேணா சாதாரணப் பாக்கெட்ல ஒரு டெஸ்ட் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"உங்க பக்கத்தை நீங்க பாருங்க மாதேஷ். என் பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

அதுவரை அவனை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் திடீரென்று மரியாதை கூடினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்தது, போய்விட்டான்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள லைன் ஏறி இறங்கும், ஆபீஸ் திறந்தால் இழுக்கும், மூடினால் தெளியும். நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்கிற கோட்டைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். அந்தச் சோதனை யார் நிற்கிற வரிசையில் நிற்கிறது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் உங்கள் சோதனையும் நிற்க வேண்டும்.

சில மாதங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதன் பிறகு அந்தக் கடிதம் வந்தது.

சித்தேரி மையத்தை நடத்தியது ஒரு தனியார் அறக்கட்டளை. மலையில் இருந்த நர்ஸ் ஒருத்தர்தான், பெயர் ஸ்டெல்லா, ஒப்பந்த வேலை. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குக் கீழே அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டர் வீடியோவில் வருவார், ஸ்டெல்லா நோயாளிகளைக் காட்ட வேண்டும். படம் நின்றுபோனால் டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த மையத்துக்குப் போய்விடுவார். போகும்போது கணினியில் ஒரு கட்டத்தை அழுத்த வேண்டும். இருந்தது இரண்டே கட்டம்: 'ஆலோசனை நடந்தது', 'நர்ஸ் இணையவில்லை'. டாக்டர் இரண்டாவதை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார். அறக்கட்டளையின் நிர்வாகி கணக்கெடுத்துப் பார்த்தால், சித்தேரி நர்ஸ் வேலையே செய்யவில்லை என்று ஆகிவிட்டது. ஸ்டெல்லா லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் இணைப்பு எப்படி இருந்தது என்று நம்மிடம் எழுதிக் கேட்டார்கள்.

மேலாளர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் கோட்டை அச்செடுத்தேன். எல்லா நாளும் பச்சை. 'குறிப்பிட்ட நாட்களில் இணைப்பில் எந்தக் குறையும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது உள்ளே ஏதோ குறுகுறுத்தது. குற்றமுள்ள நெஞ்சு என்பார்களே, அதுதான். ஆனால் அந்தக் கடிதத்தை மேலாளர் மாதேஷ் இருக்கும்போது படித்து, "பாத்தீங்களா, மேடம் பக்கம் எவ்வளவு சுத்தமா இருக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அடுத்த வாரம் மேஜை போன் அடித்தது.

"மேடம், நான் சித்தேரி சென்டர்ல இருந்து ஸ்டெல்லா பேசறேனுங்க. லைன் நல்லாருக்குதுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே?"

"ஆமாங்க. எங்க ரெக்கார்டுல அப்படித்தான் இருக்குது."

"உங்க ரெக்கார்டு இருக்கட்டுங்க மேடம். வர்ற திங்கக்கெழமை என்னைக் கூப்பிட்டிருக்காங்க, அன்னிக்கே அனுப்பிடுவாங்களாம். மூணு வருஷமா இந்த மலையிலேயே கெடக்கறேன். நான் பொய் சொல்றேன்னு நீங்க ஒருதடவை வந்து பாத்துட்டாவது எழுதியிருக்கலாமுங்க."

அழவில்லை. கத்தவும் இல்லை. அழுதிருந்தால் நாடகம் என்றும், கத்தியிருந்தால் திமிர் என்றும் நினைத்துக்கொண்டு போனை வைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். ஆபீஸ் ஜீப் கேட்டால் மேலாளருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அரூர் போய் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நியாயம் கேட்கப் போனேன் என்று நினைக்காதீர்கள். ஸ்டெல்லா சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று வளைவுக்கு வளைவு வேண்டிக்கொண்டு போனேன். டேப்லெட் பழசாக இருக்கலாம், வைஃபை பெட்டி மூலையில் கிடக்கலாம், அவர் சார்ஜ் போடாமல் விட்டிருக்கலாம்.

மையத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. டேப்லெட் துடைத்து நிறுத்தி வைத்திருந்தது, பெட்டி பக்கத்திலேயே இருந்தது. பெஞ்சில் பத்துப் பேர். முதலில் ஒரு விவசாயி. மண்வெட்டி பட்டுக் காலில் புண், பழந்துணி சுற்றியிருந்தார். ஸ்டெல்லா துணியைப் பிரித்து மருந்து போட்டுத் தயாராக வைத்தார். சரியாகப் பத்து மணிக்கு டாக்டர் முகம் வந்தது. "வணக்கம், அந்தக் காலைக் கொஞ்சம்" என்றார். அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி.

அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். "என்னாம்மா நர்சம்மா, இன்னிக்கும் டாக்டரு செலையாட்டம் நின்னுக்கிட்டாரா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. அந்த மலை முழுக்கத் தெரிந்த விஷயம் என் திரைக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். திரையில் டாக்டர் உடைந்து கட்டம் கட்டமாகி மறைந்தார். இந்நேரம் கீழே அந்த இரண்டாவது கட்டத்தை அழுத்தியிருப்பார்.

வாசலில் ஒரு மூலையில்தான் செல்போன் எடுக்கும். அங்கே நின்றுகொண்டு ஆபீஸுக்குப் போட்டேன். மாதேஷ் எடுத்தான்.

"மாதேஷ், சித்தேரி என்ன கலர்ல இருக்குது?"

"பச்சைங்க அக்கா."

"என் டெஸ்ட்டைத் திற. அதுல முன்னுரிமை நம்பர் ஒண்ணு..."

"இருக்குதுங்க அக்கா."

நான் முடிக்கவே இல்லை. அவன் தேடவும் இல்லை.

"அதை எடுத்துட்டு ஓட்டு."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பாதிப் பாக்கெட் திரும்பி வரலைங்க. வர்றதும் தாறுமாறா வருது. செவப்பாயிடுச்சுங்க" என்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கோடு ஆடாம நின்னப்பவேங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்களே அக்கா."

சொல்லித்தான் இருந்தான். குத்திக் காட்ட அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஒரு வார்த்தை குத்தியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவன், "மலையில குளிருங்களா அக்கா, பாத்து வாங்க" என்றான். அவனை எனக்கு அந்த நிமிடம் பிடிக்காமல் போனது போல எப்போதும் பிடிக்காமல் போனதில்லை.

சனிக்கிழமை மேலாளரிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, சோதனையில் தவறு இருக்கிறது என்ற அளவுக்குச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "பெருசா ஒண்ணும் எழுத வேணாம் மேடம். நம்ம பேரு கெட்டுப்போயிடும். ஒரு நோட்டு குடுத்துட்டு வந்துடலாம்" என்றார். நோட்டை எழுதச் சொன்னது மாதேஷை.

சாயந்திரம் எல்லாரும் போன பிறகு, முன்னுரிமை எண் போடுவதற்கு முந்தைய மாதங்களின் பதிவை எடுத்தேன். தினமும் பத்து மணிக்குச் சிவப்பு. அதை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கொடுப்பேனா என்று எனக்குத் தெரியாது. பையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேலாளர், மாதேஷ், நான் மூன்று பேரும் அந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனோம். போகிற வழியில் மாதேஷின் நோட்டைப் படித்தேன். 'சோதனை அமைப்பில் இருந்த பொருத்தமின்மை காரணமாகச் சில அளவீடுகள் முழுமையாக இல்லாமல் இருந்திருக்கலாம்.' யார் அமைத்தது என்று இல்லை. என் பெயர் எங்கும் இல்லை. என்னைக் காப்பாற்றியிருந்தான்.

நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. வேலையில் முந்தினான், பேரில் முந்தினான், இப்போது நல்ல மனசிலும் முந்தப்போகிறான். இனி வாழ்நாள் முழுக்க இவனிடம் நான் கடன்பட்டவள். முன்னால் உட்கார்ந்திருந்த அவன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த அறையில் ஸ்டெல்லா சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நிர்வாகி வயதான அம்மா, கண்டிப்பானவர், ஆனால் அவசரப்படாதவர். நோட்டை இரண்டு தடவை படித்தார்.

"இருந்திருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. இருந்துச்சா, இல்லையா? லைன் கெட்டிருந்துச்சுன்னா இந்தப் பொண்ணு சொல்றது நெஜம். இல்லைன்னா பொய். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க முடிவு பண்றது?"

மேலாளர், "டெக்னிக்கலா சொல்லணும்னா மேடம்..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றார். மாதேஷுக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தான். நிர்வாகி பெருமூச்சுவிட்டு, எதிரே திறந்திருந்த கோப்பை இழுத்தார். அதில் மேலே இருந்தது ஸ்டெல்லாவின் ஒப்பந்தம் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஐந்து நிமிடம் போனால் மாதேஷ் பேசிவிடுவான் என்று தோன்றியது. அவன் ஆள் அப்படி, ஒரு நர்ஸின் வேலை போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அவன் பேசினால் ஸ்டெல்லாவைக் காப்பாற்றியதும் அவனே என்று ஆகிவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், என்னை நாற்காலியை விட்டு எழுப்பியதில் பாதி அந்தப் பெண்ணின் பார்வை, மீதிப் பாதி இந்த நினைப்பு. எது முதலில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பையில் இருந்த தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"லைன் கெட்டுத்தாங்க இருந்துச்சு. இந்தச் செவப்பெல்லாம் பாருங்க, தினமும் பத்து மணிக்கு. அதுக்கப்புறம் பச்சையா இருக்கறது லைன் சரியாகி இல்லைங்க. சோதனை மட்டும் நெரிசல்ல மாட்டாம தனி வழியில போற மாதிரி நான் மாத்தி வெச்சேன். வெள்ளிக்கெழமை நானே சித்தேரிக்குப் போயி கண்ணால பாத்தேன். ஸ்டெல்லா சொல்றது நெஜம். நான் எழுதிக் குடுத்ததுதான் பொய்யி."

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா அப்படிப் பண்ணே?"

மலை இணைப்பு சின்னது, மேலே எழுதினோம், ஒன்றும் நடக்கவில்லை என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மைதான்.

"இவரு பக்கம் பச்சையா இருந்துச்சுங்க" என்று மாதேஷைக் காட்டினேன். "என்னோடது செவப்பா இருந்துச்சு."

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவின் ஒப்பந்தம் ரத்தாகவில்லை, வேலை நிலைத்தது. டாக்டரின் கணினியில் 'இணைப்பு சரியில்லை' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். என் பாதி மாவட்டத்தை மேலாளர் மாதேஷிடம் கொடுத்தார், ஓய்வு பெறும் வரை அவனுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொறாமை போய்விட்டதா என்று நீங்கள் கேட்கலாம். போகவில்லை. அது போகும்வரை காத்திருந்து நேர்மையாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள், அப்படி ஒரு நாள் வராது. இருக்கிற பொறாமையோடேயே உண்மையைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்தவன் கோட்டைப் பார்ப்பீர்கள், எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு உங்கள் சோதனையில் கை வைக்காதீர்கள்.

அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது மேலாளர் என்னோடு பேசாமல் முன்னால் போய்விட்டார். மாதேஷ் அவர் பின்னால் போனான். தாழ்வாரத்தில் ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று முகத்தைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"மேடம், நாளைக்குச் செவ்வாக்கெழமைங்க. அந்தக் கால்புண்ணுக்காரரு வருவாரு. பத்து மணிக்கு வீடியோ நிக்காம வருங்களா?"

இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் "வரும்" என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. மலை வீடியோவுக்குத் தனி வழி ஒதுக்கி, சோதனையையும் அதே வரிசையில் நிறுத்தி, இரண்டையும் ஒரே நாளில் சரிபார்க்கக்கூடிய ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அது நான் இல்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். "மாதேஷைக் கேட்டுச் சொல்றேன்."